முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் எடுத்து எழுதியது

நான் எலி பார்க்கிறவன். பெயர் மிஞ்சோ, படிப்பு ஏழாம் வகுப்போடு சரி. பிளவ்திவ் நகரத்தில் இந்த ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷமாகக் கூண்டு கழுவுகிறேன், தீனி போடுகிறேன், செத்ததைப் பதிவேட்டில் எழுதி எரிக்கிறேன். ஒரே ஒரு தடவை எழுதாமல் எரித்தேன்.

எங்கள் ஊரில் யாருக்கு நல்லது நடந்தாலும் மற்றவர்களுக்கு இனிப்பு நீட்ட வேண்டும். மருந்து செய்கிற வேதியியல்காரி விஹ்ரா பெனேவா, தன் கட்டுரையை வெளியார் நூறு பேர் மேற்கோள் காட்டும்போதெல்லாம் சாக்லேட் பெட்டியோடு கீழே வருவாள். மேற்கோளுக்குப் புள்ளி உண்டு. புள்ளி சேர்ந்தால்தான் பேராசிரியர் பதவி. நாற்பத்தொன்று என்று அவள் எண் போட்ட நரம்புவலி மருந்தைப் பற்றிய கட்டுரை அது. அதிக அளவு கொடுத்தும் பன்னிரண்டு எலியும் பிழைத்தன என்று அதில் இருக்கிறது. முதல் பெட்டி வந்தபோது ஒன்றை எடுத்துத் தின்றேன். இரண்டாவது பெட்டி வந்தபோது எடுத்ததைத் தின்னாமல் குப்பையில் போட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, அடுத்த நூறு சேருவதற்கு முன்பே வந்துவிட்டாள். முன்னூற்றுப் பன்னிரண்டில்.

"மிஞ்சோ அண்ணே, இந்தத் தடவை சும்மா மேற்கோள் இல்ல. வெளிநாட்டுல ஒரு ஆஸ்பத்திரி. மனுஷங்களுக்கே குடுக்கறாங்க, முப்பது பேருக்கு!"

கூட வந்த தாஃபின்கா, சோதனைக்கூட உதவியாளர், வாய் சும்மா இருக்காது. "எல்லாம் இவரு வளத்த எலிங்க புண்ணியம். மேடம், கூண்டுக்குள்ளயும் ஒரு சாக்லேட் போடுங்க. இவரு மூஞ்சியப் பாருங்க, எலி செத்த மாதிரி வச்சிருக்காரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "டாக்டரம்மா, எவ்வளவு குடுக்கணும்னு எப்படி முடிவு பண்ணுனாங்க?"

"நம்ம கட்டுரைய வச்சுத்தான்."

"இத்தன பேரு எழுதுனாங்களே, ஒருத்தன்கூட திரும்ப எலிக்குக் குடுத்துப் பாக்கலையா?"

"பாத்தாங்க, கம்மி அளவுல. அவ்வளவு அளவு குடுத்தது நாம மட்டும்தான். அதனாலதானே எல்லாரும் நம்மளயே காட்டறாங்க!"

படித்தவர்கள் இப்படித்தான். ஒருவன் எழுதியதை இன்னொருவன் எடுத்து எழுதுவான். கூண்டுக்குள் கை விட்டுப் பார்க்க எவனுக்கும் நேரமில்லை.

தாஃபின்காவை மேலே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"பன்னெண்டும் பிழைக்கல. மூணு செத்துப்போச்சு."

"விளையாடாதீங்க அண்ணே."

விளையாடவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்பு, பிப்ரவரி மாதம். வெள்ளிக்கிழமை அவள் மருந்து கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பார்த்திருக்க வேண்டும். அக்கா வீட்டில் பன்றி அறுப்பு, போய்விட்டேன். திங்கள் விடியக் காலையில் வந்தால் அறையைச் சூடாக்குகிற வெப்பக்குழாய் சில்லிட்டுக் கிடக்கிறது, மூன்று எலி விறைத்துக் கிடக்கின்றன. குளிரில் செத்தன, நான் வராததுதான் காரணம், வேலை போய்விடும் என்று பயந்தேன். இருப்பிலிருந்து மூன்றை எடுத்து, காதில் அதே குறி போட்டு வைத்தேன். அவள் வந்து எண்ணினாள். பன்னிரண்டு.

விஹ்ரா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"மருந்தில்லாம வெறும் தண்ணி குடுத்த கூண்டு? அது எங்க இருந்துச்சு?"

"அதே ரூம்லதான். பக்கத்துத் தட்டுல."

"அதுல எத்தன செத்துச்சு?"

"ஒண்ணுகூட இல்ல."

அவள் முகம் வெளுத்துப்போனதை என் கண்ணால் பார்த்தேன். ஒரே அறை, ஒரே குளிர். அப்படியானால் கொன்றது குளிர் இல்லை, மருந்து. இது எனக்கு உறைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அவளுக்கு ஒரு மூச்சு போதுமாயிருந்தது. உறைத்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. பேப்பரில்தானே இருக்கிறது, பேப்பர் யாரையும் கொல்லாது என்று சொல்லிக்கொண்டேன்.

"வேற யாருக்குத் தெரியும்?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"யாருக்கும் தெரியாது."

"வியாழக்கிழமை பேராசிரியர் பதவிக்கு நடுவர்கள் கூடறாங்க அண்ணே. என் புள்ளியில பாதி இந்தக் கட்டுரைதான். இது போச்சுன்னா நான்..."

சொல்லி முடிக்கவில்லை. கூண்டுகளைப் பார்த்தபடி நின்றாள். அவள் பேசாமல் மேலே போய்விடுவாள் என்ற பயம் எனக்கு. போய்விட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், இருந்தது.

"போன எங்க?" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியைப் பிடிக்க நாலு தடவை எண்ணைச் சுழற்றினாள். அவர்கள் பாஷை எனக்குப் புரியாது. அவள் வேகமாகப் பேசினாள், பிறகு நிறுத்திக் கேட்டாள், பிறகு கேட்டுக்கொண்டே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"நிறுத்திடறாங்களாம்," என்றாள் போனை வைத்துவிட்டு. "ஆனா ஆறு பேருக்கு நேத்துக் காலைலயே குடுத்தாச்சு."

"எப்படி இருக்காங்க?"

"நல்லாச் சாப்பிடறாங்களாம். வலிகூட இல்லயாம்."

மருந்து கொடுத்த மறுநாள், சனிக்கிழமை மத்தியானம் நான் தீனி போட்டபோது அந்தப் பன்னிரண்டு எலியும் நன்றாகத்தான் தின்றன. அதை அவளிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள், வெள்ளி, சனி, ஞாயிறு என்று. நான் சொல்லத் தேவையிருக்கவில்லை.