எழுந்து நின்ற சணப்பு

காலை ஆறேகாலுக்குப் பார்த்தபோது, போன வாரம் உருளை ஓட்டிப் படுக்கவைத்த சணப்பு, மண்ணுக்கு உரமாக விதைக்கும் பசுந்தாள் பயிர், எழுந்து நின்றுகொண்டிருந்தது.

அக்கா வரப்பிலேயே நின்றுவிட்டாள். தண்டுகள் அடியில் வளைந்து, நுனியை மட்டும் மேலே திருப்பியிருந்தன, தூங்கியவன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்குவதுபோல. அவற்றின் அடியில் மக்காச்சோள விதை இருந்தது. சணப்பு செத்து, மண்ணைப் போர்த்தும் மூடாக்காகக் கிடந்தால்தான் சோளம் வெளிச்சம் பார்க்கும்.

உழவு வேண்டாம், களைக்கொல்லி வேண்டாம், உருளையை ஓட்டித் தண்டை நசுக்கினால் போதும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். தம்பி இந்த ஒரு வயலை, இந்த ஒரு வருடத்துக்கு, அவள் போக்கில் விட்டிருந்தான். தவறினால் மறுபடி கலப்பைதான். இன்று ஒன்பது மணிக்கு அக்கம்பக்கத்து விவசாயிகள் பார்க்க வருகிறார்கள்.

கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை எழவில்லை.

போய்க் குனிந்தாள். அதே விதை, அதே நாள், அதே உருளை. ஒரு தண்டை ஒடித்தாள். சுள்ளிபோல் முறிந்தது. பூத்தபின் நசுக்கினால் சாகும், முன்பே நசுக்கினால் எழும் என்பது அவளுக்குத் தெரியும். மழை வந்துவிடும், ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று பயந்து பூக்கும் முன்பே உருட்டிவிட்டாள். அங்கே பூ இல்லை. இங்கேயும் பூ இல்லை. பின்னே இது மட்டும் ஏன்? மண்ணைக் கிளறினாள். அதே ஈரம். ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகுதான் பட்டையின் ஓரத்தைக் கவனித்தாள். நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது.

தம்பி டிராக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், அந்தக் கிழக்குப் பட்டை..."

"நல்லா படுத்திருக்குல்ல?"

"எப்படிடா?"

துணியை உதறினான். "களை மருந்து அடிச்சேன். நீ உருட்டிட்டுப் போன அன்னிக்கே."

"எதுக்கு?"

"பூவே வரல. எந்திரிச்சுக்கும்னு தோணுச்சு. அத்தனை பேர் முன்னாடி நீ அசிங்கப்படணுமா?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"ஆமா, சொன்னா நீ கேட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பே."

திட்ட வாயெடுத்தாள். வரவில்லை. நன்றி சொல்லவும் வரவில்லை. விதைத்த நாளிலிருந்து கேலி பேசியவன். அவள் தோற்கவேண்டும் என்றால் சும்மா இருந்திருந்தாலே போதும். இவன் யார் பக்கம்?

"வர்றவங்களுக்கு அந்தப் பட்டையை மட்டும் காட்டுக்கா. மீதியைப் பூ வந்ததும் மறுபடி உருட்டிக்கலாம்."

"அதுக்குள்ள சோளம் மேலே வந்துடும்டா. அதையும் சேர்த்து நசுக்கவா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

ஒன்பது மணிக்கு வண்டிகள் வந்தன. முதலில் இறங்கியவர் பால் பண்ணைக்காரர். நின்றிருந்த சணப்பைத் தாண்டி நேரே கிழக்கு ஓரத்துக்கு நடந்தார். செருப்பு நுனியால் மூடாக்கை விலக்கினார். சோளத்தின் பச்சை முனை ஒன்று தெரிந்தது.

"அடேங்கப்பா! மருந்தே இல்லாமலா? நானும் ஒரு உருளை செய்யச் சொல்லிட்டேன்மா. அடுத்த தடவை என் வயல் முழுக்க இதேதான்."

தம்பி அவளைப் பார்க்காமல் வரப்புப் புல்லைக் கிள்ளினான்.

பண்ணைக்காரர் நிமிர்ந்தார். நிற்பதையும் கிடப்பதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வயல் முழுக்க ஒரே விதை, ஒரே நாள்னு அன்னிக்குச் சொன்னியே. இது மட்டும் எப்படிம்மா படுத்துச்சு?"