தனி அடுப்பு

அண்ணன் அவளைப் பொடிசு என்றுதான் கூப்பிடுவான். சலவைக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறவள், வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. அப்படியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. லாரி ஓட்டப் போகிறேன் என்று கிளம்பிய புருஷன் போன் எண்ணையும் மாற்றிக்கொண்டு காணாமல் போய்விட்டான். அதன்பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறைதான் அவளுக்குப் போக்கிடம். அண்ணன் பஸ் டெப்போவில் மெக்கானிக். அண்ணி அவளை ஒருநாளும் பாரமாக நினைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். பின்னால் நடந்ததைக் கேட்டால் அண்ணியைத் தப்பாக எண்ணத் தோன்றும்.

ஒருநாள் இஸ்திரி மேசை முன்னாலேயே பொடிசுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள்.

"உடம்புல ரத்தமே இல்லம்மா. பிள்ளையும் எடை ஏறல. மாசாமாசம் அரசாங்கத்துல முட்டை, பருப்பு, சத்துமாவு குடுக்கிறாங்க. குழந்தைக்கு ரெண்டு வயசு ஆகிற வரைக்கும் உண்டு. எழுதிப் போடு."

அண்ணி துணைக்கு வந்தாள். அந்த அலுவலகத்தில் பெஞ்சு போதாமல் கர்ப்பிணிகள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"யார் வீட்ல இருக்கே?"

"அண்ணன் வீட்ல, சார்."

"ஒரே அடுப்புல சமைச்சா ஒரே குடும்பம். உங்க அண்ணன் வாங்கிற சம்பளத்துக்கு இது கிடைக்காது."

பொடிசு திரும்பிப் போகப் பார்த்தாள். அதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"ஒரே அடுப்புன்னு யாரு சொன்னா? அவ தனியாத்தான் ஆக்கித் திங்கிறா."

குமாஸ்தா அப்போதுதான் நிமிர்ந்தார். "ஆள் வந்து பாப்பாங்க" என்றார்.

வெளியே வந்ததும் பொடிசு அண்ணியின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"சொல்லலேன்னா வெறுங்கையோட வரணும். பேருக்கு ஒரு அடுப்பு வெச்சிருவோம்டி. பாத்துட்டுப் போகட்டும்."

அன்று மாலை அண்ணன் பின்னறையில் அடுப்பை மாட்டிக் கொடுத்தான். "பிரிக்கிறதுக்கு நம்மகிட்ட சொத்து இல்ல. அடுப்பையாவது பிரிப்போம்" என்றான். மூவரும் சிரித்தார்கள்.

விசாரிக்க வந்த பெண்மணி கெட்டவள் இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தாள், கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு அடுப்பின்மேல் இருந்த பாத்திரத்தைத் தூக்கி அடியைப் பார்த்தாள். கடையில் வாங்கிய மினுமினுப்பு அப்படியே இருந்தது.

"உப்பு எங்கம்மா வெச்சிருக்கே?"

பொடிசு சுற்றுமுற்றும் பார்த்தாள். உப்பு இல்லை.

"உப்பில்லாமலா சமைக்கிறே?" பெண்மணி பெருமூச்சு விட்டாள். "நான் மறுபடி வருவேன். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

அன்றிலிருந்து விளையாட்டு வினையாகிப்போனது. எந்த நேரத்திலும் கதவு தட்டப்படலாம் என்பதால் நிஜமாகவே தனியாகச் சமைத்தாக வேண்டியிருந்தது. நாள் முழுக்க நின்ற கால்கள் வீங்கியிருக்கும். வந்து மறுபடி அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். பாதி நாள் வெறும் கஞ்சியோடு படுத்துவிடுவாள். முன்பெல்லாம் அண்ணி தட்டில் போட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்துவாள். சாப்பாட்டுக்காக எழுதிப் போட்டதிலிருந்துதான் அவள் சாப்பாடு குறைந்தது.

ஆரம்பத்தில் அண்ணி கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து வைத்தாள். பிறகு அடுத்த தெருவில் ஒருத்தியின் உதவியை யாரோ கோள் சொல்லி நிறுத்திவிட்டார்கள் என்று காதில் விழுந்தது. கிண்ணம் வருவது நின்றது. அத்தை மடியில் உட்கார்ந்தே சாப்பிட்டுப் பழகிய அண்ணன் மகளைச் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கம் போகக்கூடாது என்று தடுத்துவைத்தார்கள். குழந்தை வாய்தவறி ஏதாவது உளறிவிட்டால்?

ஒருநாள் பொடிசு முன்பக்கம் போய் இரண்டு வெங்காயம் எடுத்தாள். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அண்ணி, "கேட்டுட்டு எடுத்திருக்கலாமே" என்றாள்.

சொன்ன பிறகு அண்ணியே ஒரு கணம் திகைத்துப்போனாள். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பொடிசு ஒரு வெங்காயத்தைக் கூடையில் போட்டுவிட்டு, மற்றதையும் போட்டுவிட்டு வந்தாள்.

பெண்மணி இரண்டாம் முறை வந்தபோது பாத்திரத்தின் அடி கருத்திருந்தது. அடுப்போரம் உப்பு ஜாடி இருந்தது. ஒரு ஆளுக்கு மட்டும் வடித்த சோறு ஆறிக் கிடந்தது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பொடிசின் முகத்தையும் பார்த்தாள்.

"சரிம்மா. தனியாத்தான் இருக்கே" என்று எழுதிக்கொண்டு போனாள்.

முதல் மாதத்துச் சத்துமாவு மூட்டை கைக்கு வருவதற்குள் வலி வந்துவிட்டது. நாள் நிறையாமல் பிறந்த பெண்பிள்ளை, துண்டில் சுற்றினால் துண்டுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அண்ணி ராவும் பகலும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்று அண்ணனிடம் சொல்லி அழுதாளாம். பொடிசிடம் அதைச் சொல்லவே இல்லை. பிள்ளை எப்படியோ தேறிக்கொண்டது.

வீட்டுக்கு வந்த அன்று அண்ணன்தான் பேச்சை எடுத்தான். "இனிமே ஒண்ணாவே ஆக்கலாமே."

"திரும்ப வந்து பாத்தா? ரெண்டு வருஷம் இருக்கே" என்றாள் அண்ணி. அது பொய்யில்லை. பொடிசும், "அதானே" என்றாள். ஒருவர் வற்புறுத்தியிருந்தால் மற்றவர் ஒப்புக்கொண்டிருப்பார். யாரும் வற்புறுத்தவில்லை.

மழை பிடித்த ஒரு மாலை பிள்ளை விடாமல் வீறிட்டது. கதவு மெல்லத் தட்டப்பட்டது. அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

"உள்ள வரலாமா?"

அந்த வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

"வாங்க" என்று பாயை விரித்துப் போட்டாள் பொடிசு.

அண்ணி பிள்ளையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். அழுகை விசும்பலாகி அடங்கியது. அடுப்பில் சத்துமாவுக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் குடிக்கிறீங்களா அண்ணி?"

"வேணாம்மா. அங்க சமைச்சிருக்கு."

தூங்கிவிட்ட பிள்ளையைப் பாயில் கிடத்தி, போர்வையை இழுத்துவிட்டு, அண்ணி எழுந்து போனாள். பொடிசு கஞ்சியை இறக்கி, ஆறும்வரை பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.