சாமிக்குப் பறித்த செம்பருத்தி

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் புதிதாக எழும்பிய கட்டடத்துக்குச் செடி வைத்துக் கொடுத்தவர் தயாளன். புதுக் கட்டடத்து வாசலில் பசுமை இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அதிகாரிகள் வந்து பார்த்த அன்று அசல் செம்பருத்திதான் நின்றது. வெயில் எட்டாத இடமென்பதால் சீக்கிரமே எல்லாம் வாடிப்போனது. மறுபடி நட்டு எவன் மல்லுக்கட்டுவது, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று பூத்த பிளாஸ்டிக் செம்பருத்திகளைச் செருகிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை தூசி துடைக்க வந்தபோது, கோயிலுக்குப் போகிற ஒரு அம்மா அவசரமாகப் பூவொன்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். தயாளனின் கம்பெனிச் சட்டையைப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கிப்போனது.

“சாரி தம்பி, சாமிக்குத்தான். உங்ககிட்ட கேட்டுட்டு எடுத்திருக்கணும்.”

“பரவாயில்லம்மா, கொண்டு போங்க” என்று தயாளன் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் அந்த அம்மாவின் விரல்கள் இதழைத் தடவிப் பார்த்தன. அவர் தயாளனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வேணாம் தம்பி.”

பூவைக் காம்பிலேயே திரும்ப வைத்து அழுத்தினார். அது டக்கென்று கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது.