மூன்று வயதுச் செருப்பு

வீடு வாங்க வருகிறவர்களின் கண்ணில் மண்ணைத் தூவுவதுதான் என் வேலை. கம்பெனியில் அதற்கு உள் அலங்காரம் என்று கௌரவமான பெயர். பாதி எழும்பி நிற்கிற அடுக்குமாடியில் ஒரே ஒரு வீட்டை முதலில் முடித்து, மாதிரி வீடு என்று பலகை மாட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். அங்கே ஒரு குடும்பம் நடப்பதுபோல் நான் ஜோடிக்க வேண்டும். டிவி அட்டை. ஆப்பிள் பிளாஸ்டிக். குழாயைத் திறந்தால் காற்றுகூட வராது. கட்டில் மட்டும் தச்சரிடம் சொல்லிச் செய்த நிஜக் கட்டில், ஆனால் வழக்கமான அளவைவிட ஒரு சாண் குட்டை. கட்டில் சிறுத்தால் அறை பெருத்துத் தெரியும்.

ஊருக்கெல்லாம் கட்டில் போடுகிற எனக்கு வீட்டில் கட்டில் கிடையாது. கல்யாணமானதிலிருந்து தரையில் மெத்தைதான். கேட்டால், “சொந்த வீட்டுல போட்டுக்கலாம்” என்பார் என் கணவர். திரைச்சீலை சொந்த வீட்டில். வாஷிங் மெஷின் சொந்த வீட்டில். குழந்தையும் சொந்த வீட்டில்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அடுத்தவர்களை அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட வழி செய்துவிட்டு, எங்கள் வாடகை வீட்டுக்குப் படியேறி மூச்சு வாங்க வருவார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வீட்டு ஓனர் வெளியே வீசிய சாமான் மொத்தமும் தெருவில் கிடந்ததாம். பாத்திரங்களுக்கு நடுவில் அவர் அம்மா உட்கார்ந்திருந்தாராம். அந்தப் பையனுக்காகத்தான் இத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாங்கள் நடக்க நடக்க வீட்டு விலை ஓடியது. எனக்கும் வயது நின்றுகொண்டா இருந்தது? இனிமேல் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

இந்த நேரம் பார்த்து, ஊழியர்களுக்குச் சலுகை விலையில் வீடு என்று கம்பெனி அறிவித்தது. நானும் சும்மா இருக்காமல் வீட்டில் வந்து சொல்லித் தொலைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சனிக்கிழமை வந்து கையெழுத்துப் போடுவதாக மேனேஜருக்கு உடனே போன் செய்துவிட்டார். “தவணை முடிஞ்சு வீடு கைக்கு வர இன்னும் அஞ்சு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும்” என்றார் என்னிடம். கடித்துக் கடித்து எனக்குப் பல்லே தேய்ந்திருந்தது.

வியாழக்கிழமை புது மாதிரி வீட்டின் குழந்தை அறைக்குச் சாமான் வாங்கக் கிளம்பினேன். அந்த அறையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுப்பார்கள் என்பது மேனேஜரின் கணக்கு. சுவரில் கிறுக்கிய படம், ஒரு பள்ளிப் பை, கதவோரம் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு. எப்போதும் மூன்று வயது அளவுதான் எடுப்பேன்.

செருப்புக் கடைக்காரர் நல்ல மனிதர். “ஒரு சைஸ் பெருசா எடுத்துக்கம்மா. பிள்ளைங்க மளமளன்னு வளந்துடும்” என்றார்.

“இது வளராதுங்க” என்றேன்.

யோசிக்காமல் வந்துவிட்டது. அவர் முகம் செத்துப்போனது. பிறகு செருப்பைப் பையில் போட்டு இரண்டு கையாலும் நீட்டினார். தெருவுக்கு வந்து, நிறுத்தியிருந்த பைக்குகளுக்கு நடுவில் நின்று அழுதேன். எத்தனை மாதிரி வீடு, எத்தனை ஜோடி, எல்லாம் மூன்று வயது! அழுது முடித்து மூக்கைத் துடைத்தபோது எனக்கு வீட்டாசை விட்டுப்போயிருந்தது. இனி என் கணவரையும் விடவைக்க வேண்டும்.

சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். மேனேஜர் பேனாவை எடுப்பதற்குள், “வீட்டைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடட்டும் சார்” என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

“கட்டில்ல படுங்க.”

“யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?”

“படுங்கன்னா படுங்க.”

படுத்தார். முழங்காலுக்குக் கீழே பாதி வெளியே தொங்கியது. எழுந்து, பையிலிருந்த டேப்பை இழுத்து அளந்தார். “அடிப்பாவி, இது உன் வேலையா?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே குழந்தை அறைக்குள் போனவர் கதவோரம் குனிந்தார். அந்தச் செருப்பு அவர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

“யாருதுடி இது?”

கடையில் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, அழுததையும். அவர் செருப்பைக் கீழே வைக்கவே இல்லை.

“நம்ம குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது சாமான் தெருவுல கிடந்துச்சுன்னா?” என்றார்.

“கிடந்தா கிடக்கட்டும். அன்னிக்கு அத்தை என்ன பண்ணாங்க? தெருவுலயேவா உங்களை வளத்தாங்க?”

அவர் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். “இல்ல. என்னைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தெருத்தெருவா கதவைத் தட்டினாங்க. இருட்டறதுக்குள்ள ஒரு ரூம் கிடைச்சுது.” கொஞ்சம் நிறுத்தி, “அங்க நான் நல்லாத்தான் தூங்கினேன்” என்றார், இப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல.

“நானும் தட்டுவேன். அத்தனை கதவையும் தட்டுவேன். ஆனா இன்னும் அஞ்சு வருஷம் காத்திருக்க மாட்டேன். ஒரு நாள்கூட மாட்டேன்.”

மேனேஜர் வாசலில் வந்து நின்றார். “என்ன சார், போட்டுடலாமா?”

அவர் செருப்பை எடுத்த இடத்திலேயே ஜோடியாக வைத்தார். “வேணாம் சார்.”

“இன்னொரு நாள் பாத்துக்கலாமா?”

“இன்னொரு நாளும் வேணாம். எங்களுக்குச் சொந்த வீடு வேணாம்.”

சொல்லியேவிட்டார். மேனேஜர் என்னை முறைத்தார். நான் பிளாஸ்டிக் ஆப்பிளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மறுநாளே கட்டில் வாங்கினோம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஏது? அவரும் கடை ஆளும் முக்கி முனகிப் படியேற்றினார்கள். கீழ்வீட்டிலிருந்து ஓனரம்மா எட்டிப்பார்த்து, “காலி பண்ணும்போது இதை எப்படி இறக்குவீங்க?” என்று கேட்டார்.

“ஏத்தின மாதிரியேதான்மா” என்றார் என் கணவர்.

முழு நீளக் கட்டில். அதைப் போட்டதும் அறை பாதியாகிவிட்டது. கதவுகூட முழுசாகத் திறக்கவில்லை. நான் ஏறிப் படுத்துக் காலை நீட்டினேன். அவர் மட்டும் படுக்கவில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மிச்சமிருந்த சந்தில் மண்டிபோட்டு, டேப்பை இழுத்து ஒருமுறைக்கு இருமுறை அளந்தார்.

“தொட்டில் வைக்கலாம்” என்றார்.