நூற்று நான்காம் அறையின் சூடு

மொன்றியலின் லாசால் பகுதியில் உள்ள அந்த முதியோர் இல்லத்தில் இருவர் சேர்ந்து தங்கக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கீழ்த்தளத்தில், நூற்று நான்காம் இலக்கத்தில், எண்ணெய்க் கொதிகலனுக்கு நேர் மேலே அமைந்திருந்தது. அக்னெஸும் அவருடைய கணவர் கிறிஸ்தோப்பரும் நான்கு ஆண்டுகளாக அங்கே வசித்தார்கள். கிறிஸ்தோப்பருக்கு நினைவு தவறிக்கொண்டிருந்தது. மனைவியின் குரல் கேட்கும் தூரத்தில் இருக்கும்வரை அவர் அமைதியாக இருந்தார். அக்னெஸுக்கோ, கீழிருந்து கசிந்த புகை நெடியால் குளிர்காலம் முழுவதும் இருமல். மருத்துவர் அறையை மாற்றச் சொன்னார். மேல்மாடிகளில் இருந்தவை ஒற்றை அறைகள். அக்னெஸ் மருத்துவருக்கு நன்றி சொல்லிவிட்டு, இருமுவதைத் தொடர்ந்தார்.

ஆகவே, 2007ஆம் ஆண்டுக் கோடையில் வாகனத் தரிப்பிடத்தில் பதினான்கு துளைகள், ஒவ்வொன்றும் நூற்றைம்பது மீற்றர் ஆழத்துக்கு, இடப்பட்டபோது எவரையும்விட மகிழ்ந்தவர் அவரே. மேலே எவ்வளவு குளிரினாலும் அந்த ஆழத்தில் நிலம் ஒரே சூட்டில் இருக்கும். குழாய்களில் சுற்றிவரும் திரவம் அந்தச் சூட்டை ஏந்தி வரும். கொதிகலனுக்குப் பதிலாக அடித்தளத்தில் நிறுவிய இயந்திரம் அதைத் திரட்டிச் சுவரோரச் சூடாக்கிகளுக்கு அனுப்பும். எரிப்பதற்கு எதுவும் இல்லை. ஆதலால் நெடியும் இல்லை. இதை அவருக்கு விளக்கியவர் பதினெட்டு ஆண்டுகளாக இல்லத்தைப் பராமரித்துவந்த சிவராசா.

“இந்த மாரியோட உங்கட இருமல் சரி, அக்கா,” என்று அவர் வாக்கும் கொடுத்தார். வாக்குக் கொடுப்பது அவருடைய வழக்கமன்று.

நவம்பரில் இயந்திரம் ஓடத் தொடங்கியது. இருமல் நின்றது. ஆனால், பகலில் குறைவின்றிச் சூடாக இருந்த கட்டடம் ஒவ்வொரு காலையும் குளிர்ந்து கிடந்தது. ஏழு மணிக்கு உணவு மண்டபத்தில் பதினெட்டுப் பாகை. முதியவர்கள் மேலங்கியும் கம்பளித் தொப்பியுமாக வந்து, பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்து, பாணுக்கு வெண்ணெய் பூசினார்கள். வெண்ணெயும் ஒத்துழைக்கவில்லை.

இயக்குநர் மதாம் பெலான்ஜே பொறுமைசாலி. சனவரி நடுப்பகுதிவரை பொறுத்தார். பழைய கொதிகலன் அடித்தளத்தில் இன்னும் அகற்றப்படாமல் நின்றது. அதை வெட்டி எடுத்துச்செல்லும் ஆட்களுக்கு வெள்ளிக்கிழமை அவர் பதில் சொல்லவேண்டும்.

“வெள்ளி காலை ஏழு மணிக்கு மண்டபத்தில் இருபத்திரண்டு பாகை வேண்டும்,” என்று அவர் சிவராசாவிடம் பிரெஞ்சில் சொன்னார். “இல்லையென்றால் கொதிகலனை மூட்டுவேன். அக்னெஸ் மேலே போகவேண்டியிருக்கும். எனக்கும் அது விருப்பமில்லை.”

செவ்வாய்க்கிழமை பிற்பகல், இயந்திரத்தை வடிவமைத்த நிறுவனத்திலிருந்து தாட்சாயினி என்ற பொறியியலாளர் வந்தார். முப்பது வயது, மொன்றியலில் வளர்ந்தவர், தமிழை அம்மாவிடமும் பிரெஞ்சைப் பள்ளியிலும் கற்றவர். அடித்தளத்தில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் மடிக்கணினியை வைத்து, ஒரு கோட்டுப்படத்தைச் சிவராசாவுக்குக் காட்டினார்.

“பாருங்கோ அங்கிள். ஒவ்வொரு நாளும் ராவு எட்டு மணிக்குக் கட்டடம் சூடு வேண்டாமெண்டுது. விடிய ஆறு மணிக்குத் திரும்பக் கேக்குது. நேரம் பாத்து நிப்பாட்டுற ரைமர் ஒண்டு எங்கயோ ஒளிஞ்சிருக்கு.”

“ரைமரோ? நான் ஒண்டும் பூட்டேல்லைப் பிள்ளை.”

“பழைய ஆக்கள் ஆராவது பூட்டியிருப்பினம்.”

“பழைய ஆள் நான்தான். பதினெட்டு வருசம்.”

இருவரும் தேடினார்கள். சிவராசா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்பவரல்லர். மின்பெட்டிகளைத் திறந்தார், கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்றார், கூரைப்பலகைகளைக் கழற்றி, பின்னிருந்த தூசியையும் துடைத்துவிட்டு, மீண்டும் பூட்டினார். நான்கு மணிநேரம் தேடியும் ரைமர் அகப்படவில்லை. அதை ஒளித்தவன் மீது அவருக்குக் கோபம் வந்தது.

“ஆரோ ஒரு விசரன் செய்த வேலை,” என்றார்.

தாட்சாயினி வாளியின் அருகே தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியில் பதிவுகளின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. சிவராசா கைகளைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தார்.

“கொஞ்சம் பொறும் பிள்ளை. மேல போய் சூட்டைக் குறைச்சுப்போட்டு வாறன்.”

தாட்சாயினி தலை நிமிர்ந்தார்.

“எந்தச் சூட்டை, அங்கிள்?”

“மூண்டு மாடியிலயும் தெர்மோஸ்டாட் இருக்கெல்லோ. ராவையில நாலு பாகை குறைச்சு விடுவன். எல்லாரும் போர்வைக்குள்ளதானே? பேந்து விடிய ஆறு மணிக்கு...”

வாக்கியம் அங்கே நின்றது. கோட்டுப்படம் இன்னும் திறந்தே இருந்தது.

“பதினெட்டு வருசமோ?” என்று தாட்சாயினி மெல்லக் கேட்டார்.

“ஓம். வீடு ரெண்டு தெருத் தள்ளித்தானே. நடந்து வந்திடுவன்.”

“ஏன் அங்கிள் ஒருக்காலும் சொல்லேல்லை?”

“நீர் கேக்கேல்லையே. அறையை விட்டுப் போகேக்க லைற்றை நூர்க்கிறதை ஆரும் சொல்லிக்கொண்டு திரியினமோ?”

தாட்சாயினி சிரித்துவிட்டார், பிறகு சிவராசாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “பழைய கொதிகலன் ஓடிப் பிடிக்கும், அங்கிள். நாலு பாகையை அரை மணித்தியாலத்தில ஏத்தும். இது ஓடாது. நடக்கும், ஆனா நிக்காமல் நடக்கும். ராவு முழுக்க நிப்பாட்டிப்போட்டு விடிய ஓடு எண்டால், மத்தியானம்தான் வந்து சேரும்.”

சிவராசா சாவிக்கொத்தைப் பார்த்தார், இடுப்பில் மாட்டினார். அன்று இரவு எந்த மாடியிலும் சூடு குறைக்கப்படவில்லை.

“நான் அறிக்கையில ‘அமைப்பில் சிறு திருத்தம்’ எண்டு எழுதிவிடுறன்,” என்றார் தாட்சாயினி. “பேர் தேவையில்லை.”

“தேவை. அமைப்புத் தானாத் திரும்பேல்லை, நான் திருப்பினனான். காரணம் தெரியாட்டி மதாம் திரும்பவும் மெசினைத்தான் சந்தேகிக்கும். பேந்து அக்னெஸ் அக்கா மேல, அவவின்ர மனுசன் கீழ.”

மறுநாள் காலை அவர் இயக்குநரின் அறைக்குப் போனார். அவருடைய பிரெஞ்சு, குழாய்களையும் பூட்டுகளையும் பற்றிப் பேசுவதற்குப் போதுமானது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு அதுவரை பயன்பட்டதில்லை. நான்கு வாக்கியங்களில் முடித்தார்.

மதாம் பெலான்ஜே கண்ணாடியைக் கழற்றினார். “டிசம்பரில், நத்தார் பண்டிகைக்கு நீங்கள் தொரொன்ரோ போயிருந்தீர்கள் அல்லவா?”

“ஆமாம். தங்கை வீட்டுக்கு. மூன்று நாள்.”

“அந்த மூன்று காலையும் இங்கே சூடாக இருந்தது. பாதிரியார் அதை இறைவனின் கொடை என்றார்.” கண்ணாடியை மீண்டும் அணிந்தார். “வெள்ளி காலை பார்ப்போம். உங்கள் சாவிகள் உங்களிடமே இருக்கட்டும், சிவராசா. எட்டு மணிக்கு மட்டும் வராதீர்கள்.”

அவர் வரவில்லை. அன்றும் மறுநாளும் எட்டு மணிக்குத் தம்முடைய வரவேற்பறையில் எழுந்து நின்று, காரணம் நினைவுக்கு வந்து, உட்கார்ந்தார்.

வெள்ளி காலை வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு. உணவு மண்டபத்தில் இருபத்திரண்டரை. மதாம் பெலான்ஜே வெப்பமானியை இரண்டு முறை பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்து, கொதிகலனை வெட்டும் ஆட்களை வரச்சொன்னார். மண்டபத்தில் ஒருவர் தொப்பியைக் கழற்றினார்; மற்றவர்களும் கழற்றினார்கள்.

அக்னெஸ் நூற்று நான்காம் அறை வாசலில் சிவராசாவை மறித்தார்.

“இவ்வளவு நாளும் எங்களை விறைக்க வைச்சது நீர்தானாமே?”

“ஓம் அக்கா.”

“நிலத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தனான். பாவம் நிலம்.” கதவை அகலத் திறந்தார். “சரி, வாரும். ஆணியும் சுத்தியலும் கொண்டாரும்.”

“என்னத்துக்கு?”

“கலியாணப் படம் மாட்ட. நாலு வருசமாப் பெட்டிக்குள்ள கிடக்கு. இண்டைக்கோ நாளைக்கோ போகச் சொல்லுவினமெண்டு மாட்டேல்லை.”

சிவராசா சரிவு பார்க்கும் நீர்மட்டக் கருவியையும் கொண்டுவந்தார். இரண்டு முறை அளந்து, பென்சிலால் குறித்து, ஆணி அடித்தார். படம் நேராக நின்றது. கிறிஸ்தோப்பர் கட்டிலில் இருந்தபடி அதை நெடுநேரம் பார்த்தார்.

“அந்தப் பொம்பிளை ஆர்?”

“நான்தான்,” என்றார் அக்னெஸ்.

“வடிவாத்தான் இருக்கிறா,” என்று சொல்லிவிட்டு, அவர் அந்தச் சூட்டில் இனித் தேவைப்படாத தம்முடைய கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.