காலியாகாத நாற்காலி

கர்னல் வெர்னா ஸ்டிடமின் ஓய்வு விழா உரையை நான்காவது முறையாக எழுதிக்கொண்டிருந்தேன். எது ரகசியம், எது இல்லை என்று சரிபார்க்கும் அலுவலகம் மூன்று முறையும் சிவப்புக் கோடுகளோடு அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. ராணுவத்தில் இருபத்தொன்பது வருடப் பணி. பாலைவனத்தில் ஏவுகணைத் தடுப்புப் படை, கொலராடோவில் செயற்கைக்கோள் கண்காணிப்பு, அலாஸ்காவில் இடைமறிப்பு நிலையம், கடைசியாக இங்கே, ஹன்ட்ஸ்வில்லில். ஊர்ப் பெயர்கள் மட்டும் கோடு படாமல் தப்பியிருந்தன.

"இதப் படிச்சா நான் ஊர் ஊராப் போயி சும்மா ஒக்காந்துட்டு வந்த மாதிரில்ல இருக்கு, லெட்டி" என்று கர்னல் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அப்பா வர்றாரு. அவரு ஏற்கெனவே அப்படித்தான் நெனச்சிட்டிருக்காரு."

நான் அவர் பிரிவில் தரவு ஆய்வாளர். இயற்பியல் படித்தவள். கூட்டங்களில் வாய் திறப்பதில்லை என்பதால் எழுதுகிற வேலையெல்லாம் என்னிடம் வந்து சேரும். மனிதர்கள் சொல்லிக்கொள்ள விரும்புகிறவையும் அப்படித்தான் வரும்.

பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் அவர் அம்மா இறந்தார். கர்னல் அப்போது மேஜர். அலாஸ்காவில் ஐந்து பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பு. செய்தி வந்தபோது பணியில் இருந்தார். அடுத்த குழு பனிப்புயலில் வழியில் மாட்டிக்கொண்டது. மாற்று ஆள் வராமல் கண்காணிப்பு நாற்காலியை விட்டு எழ முடியாது. முப்பத்தொரு மணி நேரம் கழித்துத்தான் எழுந்தார். மூன்று விமானம் மாறி ஊர் வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

"அப்பா, 'அங்க ஏதாவது ஆச்சா'ன்னு கேட்டாரு. 'ஒண்ணும் ஆகலப்பா'ன்னேன். 'ஒண்ணும் ஆகாததுக்கா நீ வரல'ன்னாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் அந்தப் பேச்சே எடுக்கல."

"விளக்கமாச் சொல்லியிருக்கலாமே, மேம்?"

"அப்ப எதச் சொல்லலாம், எதச் சொல்லக் கூடாதுன்னு பயம். அப்புறம், இவ்வளவு நாள் கழிச்சு எப்படிச் சொல்றதுன்னு ஒரு கூச்சம்."

விழா நாளான வெள்ளிக்கிழமை காலை, தன் அப்பா ஓர்வில் ஸ்டிடமை அழைத்து வர கர்னல் என்னை அனுப்பினார். எண்பத்து நாலு வயது, நெடுஞ்சாலையில் ஓட்டமாட்டார். சாண்ட் மவுண்டன் என்ற மலைப்பகுதியில் நாலு கோழிக்கொட்டகை வைத்திருக்கிறார், ஒவ்வொன்றிலும் இருபதாயிரம் கோழி. நான் போனபோது கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பக்கத்துப் பண்ணை ஹார்லனிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஃபேன் நின்னா அலாரம் அடிக்கும். அடிச்சதும் ஓடணும். ஒன்னால ஓட முடியுமாடா?"

"ஒன்ன விட வேகமாவே ஓடுவேன், கெழவா. எனக்கு எழுபத்திரண்டுதான். கெளம்பு, மகளப் போயிப் பாரு."

"எங்கயும் நகராத."

"நகரல. கொட்டகைலயே படுத்துக்கறேன், முட்ட கூட போடறேன். கெளம்பு!"

அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆற்றுப் பாலம் வந்ததும் கேட்டார்.

"என் பொண்ணு என்னதான் வேல பாக்கறா, பாப்பா?"

சிவப்புக் கோடு படாத வார்த்தைகளைத் தேடினேன்.

"அலாஸ்கால அஞ்சு நாற்காலி இருக்கு, சார். யாராவது நம்ம மேல ஏவுகணை விட்டா, அத வானத்துலயே அடிக்கறதுக்கு. ராப்பகலா அஞ்சுலயும் ஆள் இருக்கணும். அடுத்த ஆள் பக்கத்துல வந்து நின்னாத்தான் இருக்கறவங்க எழலாம்."

"யாராவது விட்டாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆகஸ்ட் வெயில்ல ஃபேன் நின்னா எனக்கு இருபது நிமிஷம். அதுக்குள்ள போகலன்னா மொத்தமும் செத்துரும். அவளுக்கு எவ்வளவு நேரம்?"

"அதச் சொல்லக் கூடாது, சார்."

கர்னல் என்னிடம் சொன்னது என் கதையல்ல. அதை எடுத்துச் சொல்லும் உரிமை எனக்கில்லை என்று தெரியும். இருந்தும் வாய் திறந்துகொண்டது.

"அந்த ஜனவரில மாத்து ஆள் வரல, சார். பனிப்புயல். முப்பத்தொரு மணி நேரம் அவங்க எழவே முடியல."

ஓர்வில் கண்ணாடியைக் கழற்றி டையால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தாறு வருஷம். நானும் என் பொண்டாட்டி லவினியாவும் ஒரு கல்யாணத்துக்குக்கூட ஒண்ணாப் போனதில்ல. யாராவது ஒருத்தர் அலாரத்துக்கு வீட்டுல இருக்கணும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "லவினியா இருந்திருந்தா, நீ சொல்லாமலே அவளுக்குப் புரிஞ்சிருக்கும்."

விழாவில் கர்னலின் உரை நாலே நிமிடம். ஊர்ப் பெயர்கள், நன்றிகள், இறந்த இரண்டு சகாக்களின் பெயர்கள். கைதட்டல் ஓய்ந்ததும் வாழ்த்துச் சொல்ல வரிசை நின்றது. கேக் மேசை வரை நீண்டிருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர்வில் எழுந்து, எல்லோரையும் தாண்டி நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

இளம் கேப்டன் ஒருவன் பதறினான். "சார், நீங்க அவங்க அப்பா! முன்னாடி வாங்க."

"வேணாம் தம்பி. இவங்கல்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்க. என் முறை வர்ற வரைக்கும் நான் நகரமாட்டேன்."

கர்னல் ஒவ்வொரு கையாகக் குலுக்கிக்கொண்டே, தோள்களுக்கு மேலாக வரிசையின் கடைசியைப் பார்த்தார். பார்வையை எடுக்காமல் அடுத்த கையைக் குலுக்கினார். இன்னும் பதினேழு பேர். ஓர்வில் தொப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வலது கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, ஓர் அடி முன்னே வைத்தார்.