வேரடி முத்திரை

காட்டிலாகாக்காரன் அக்ஸெந்தேவின் இடுப்பில் தொங்கிய சுத்தியலுக்கு ஒரு பக்கம் கோடரி வாய், மறுபக்கம் எண் முத்திரை. முதல் வீச்சில் வேரடிப் பட்டையைச் சீவி, சுத்தியலைத் திருப்பி இரண்டாவதாக முத்திரை அடிப்பான். எண் பதிந்த மரத்தை வெட்டலாம், லாரியை யாரும் மறிக்க மாட்டார்கள். பதியாததைத் தொட்டால் திருட்டு. கார்பேத்திய மலையின் அந்த மூலையில் சட்டம் என்று மிச்சமிருந்தது அந்த இரும்புத்துண்டு ஒன்றுதான்.

மேல்சரிவு பீச் மரங்களுக்கு முத்திரை போட முடியாதென்று அவன் சொல்லிவிட்டான். எதிர்ச்சரிவை மொட்டையடித்த வருஷம் சேறு இறங்கி இரண்டு வீடுகளை ஆட்களோடு மூடியது. இந்தச் சரிவுக்குக் கீழே ஊரே இருந்தது. ஆனால் பெல்லட் ஆலைக்கு மரம் வேண்டும். கழிவுக் கிளையையும் நோய் மரத்தையும் மட்டுமே அரைத்து அடுப்புக்குப் பெல்லட் என்னும் சிறு எரிகுச்சிகளாக்குகிறோம் என்று ஆலைச் சுவர் முழுக்கப் பச்சையில் எழுதியிருந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் இருவர் கைகோத்தாலும் வளைக்க முடியாத அடிமரங்கள் குவிந்து கிடக்கும். வெட்கங்கெட்டவர்கள்.

அன்று காலை சரிவில் அவனை மறித்தவர்கள் இரண்டு பேர். மனைவியின் தம்பி தோவாதெர், ஆலைக்கு மரம் ஏற்றும் லாரிக்காரன் பிந்தேயா.

"மச்சான், சுத்தியலக் குடு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்க, நாங்களே அடிச்சிக்கறோம்."

"எல்லாம் நல்ல மரம்டா."

"வெட்டுனா திரும்ப மொளைக்கப் போவுது! தீராத எரிபொருள்னு ஒலகமே சொல்லுது, உனக்கு மட்டும் என்ன நோவு?"

"இந்த அளவுக்கு வர நூறு வருஷம் ஆவும். அதுவரைக்கும் மண்ண நீயா புடிச்சிக்கிட்டு நிப்ப?"

பிந்தேயா பேச்சை வளர்க்கவில்லை. பின்னாலிருந்து லாரிச் சங்கிலியைச் சுழற்றி அடித்தான். அக்ஸெந்தேவின் காது கிழிந்து தொங்கியது. விழுந்தவனின் விலாவில் தோவாதெர் மிதித்தான். எலும்பு முறிந்த சத்தம் மூவருக்கும் கேட்டது. இடுப்புவாரைப் பிடுங்கக் குனிந்தவனை விலக்கத்தான் அக்ஸெந்தே சுத்தியலை வீசினான். முத்திரைப் பக்கத்தால் ஒரு போடு போட்டால் விலகுவான் என்று நினைத்தான். முப்பது வருஷப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது. முதல் வீச்சில் கோடரி வாய்தான் இறங்கியது, மைத்துனனின் உள்தொடையில்.

ரத்தம் பீறிட்டு முகத்தில் அடித்தது. அக்ஸெந்தே சுத்தியலை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் காயத்தை அழுத்தினான். கையைத் தளர்த்தினால் மீண்டும் பீறிட்டது.

"கைய எடுக்காத மச்சான்," என்று தோவாதெர் பல்லைக் கடித்தான். "எடுத்தா செத்துருவேன்."

பிந்தேயா சுத்தியலைப் பொறுக்கினான்.

"டேய் பிந்தேயா, லாரியக் கொண்டாடா! ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்!"

"கொண்டாறேன். மொதல்ல மரத்த முடிச்சிடறேன். நீ எங்கயும் போவ மாட்டல்ல?"

சீவினான். அடித்தான். அடுத்த மரத்துக்குப் போனான். ஒவ்வோர் அடியும் அக்ஸெந்தேவின் நெஞ்சில் விழுந்தது. பத்தடி தூரம்தான், எழுந்து ஓடினால் சுத்தியலைப் பிடுங்கிவிடலாம். விரலிடுக்கில் ரத்தம் சூடாகக் கசிந்துகொண்டிருந்தது. தோவாதெர் சிறுவனாக இருந்தபோது அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு இதே காட்டில் காளான் பறித்தவன் அக்ஸெந்தே. எழ மனம் வரவில்லை.

"குளுருது மச்சான்," என்றான் தோவாதெர்.

அக்ஸெந்தே தலை நிமிர்ந்து தொண்டை கிழியக் கத்தினான்.

"சீக்கிரம் அடிடா! இன்னும் வேகமா அடி! எல்லா மரத்தையும் அடிச்சித் தொலைச்சிட்டு வாடா!"

பிந்தேயா முகட்டு வரை ஏறி அடித்து முடித்துவிட்டு இறங்கி வந்தான். சுத்தியலைப் புல்லில் துடைத்து அக்ஸெந்தேவின் முழங்காலருகே வைத்தான்.

"இந்தா உன் சாமான். தூக்கு, போலாம்."

தோவாதெர் பேச்சை நிறுத்தி வெகுநேரமாகியிருந்தது. கசிவும் நின்றிருந்தது. அக்ஸெந்தே கையை எடுக்கவில்லை.